பக்கத் தையல் வயிற்றுக்கு வந்த கதை

மூன்றாவது சலவை முடிந்து எடுத்துப் போட்டபோதுதான் கவனித்தேன். புதிதாக வாங்கிய வெள்ளை டி-ஷர்ட்டின் பக்கத் தையல், அக்குளிலிருந்து நேராக இடுப்புக்கு இறங்க வேண்டியது, மெல்ல நகர்ந்து வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இடது பக்கத் தையல் முன்னால் வந்தால் வலது பக்கத் தையல் முதுகுக்குப் போகத்தானே வேண்டும்? போயிருந்தது. கண்ணாடி முன் நின்று இழுத்து நேராக்கினேன். கையை எடுத்ததும் பழையபடி திரும்பிக்கொண்டது. வாங்கிய கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "துவைச்ச துணிக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்றார்கள். துவைக்காமல் வைத்துக்கொள்ள அது என்ன அருங்காட்சியகப் பொருளா?

அந்த எரிச்சலில்தான் டி-ஷர்ட்டைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முப்பது வருடமாக அநேகமாக தினமும் போடுகிற ஒரு துணியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

முதலில் அந்தத் தையல் விவகாரம். சட்டைத் துணி நெய்தது. பாவு நூல்கள் நீளவாக்கில் விறைப்பாக நிற்க, ஊடு நூல் அவற்றுக்கு மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடும். எல்லாமே நேர்கோடு. டி-ஷர்ட் துணி பின்னியது. அதில் நேர்கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது. நூல் வளைந்து ஒரு கண்ணியாகும்; அந்தக் கண்ணிக்குள் அடுத்த வரிசைக் கண்ணி நுழையும்; அதற்குள் அதற்கடுத்தது. நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் ஓரத்தை ஃபோன் கேமராவில் நெருக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஆங்கில 'வி' எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, சடை பின்னியதுபோல இறங்கும். உள்பக்கம் திருப்பினால் வி இருக்காது; பிறை பிறையாக அரைவட்டங்கள் அடுக்கியிருக்கும். ஒரே துணிக்கு இரண்டு முகம். ஓரத்தை வெட்டிவிட்டால் அது தானாகச் சுருண்டுகொள்வதும் இந்த இரண்டு முகத்துக்கும் ஒத்துப்போகாததால்தான்.

பஞ்சை முறுக்கினால்தான் நூல். முறுக்கிய நூலுக்கு, அந்த முறுக்கை எப்படியாவது அவிழ்த்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு எப்போதும் இருக்கும். நெய்த துணியில் அதற்கு இடம் கிடைக்காது. நாலு பக்கமும் பிடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணி அப்படியில்லை, இளகலானது. ஈரம் பட்டு, டிரம்மில் உருண்டு, இறுக்கம் தளர்ந்ததும் நூல் திரும்பப் பார்க்கும். கண்ணி சாயும். கண்ணி சாய்ந்தால் அந்தச் சடை வரிசையே சாயும். ஆலையில் இந்தச் சாய்வை இழுத்துப் பிடித்து, ஆவியில் அழுத்தி, நேராக்கி அனுப்பியிருப்பார்கள். அதை நம்பி வெட்டித் தைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று சலவை ஆனதும் துணி தன் சொந்த குணத்துக்குத் திரும்பிவிடும். என் டி-ஷர்ட் கெட்டுப்போகவில்லை, நிம்மதியாக இருந்தது. தையல்தான் தவறான இடத்தில் மாட்டிக்கொண்டது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முறுக்குக் குறைவான நூல், எதிரெதிர் முறுக்கில் சேர்த்த இரட்டை நூல், பொறுமையாகச் செய்த காம்பேக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி அழுத்துவது) என்று பல உண்டு. எல்லாவற்றுக்கும் செலவாகும். இன்னொரு வழி வேடிக்கையானது: பக்கத் தையலே போடாமல் விட்டுவிடுவது. துணியைக் குழாயாகவே பின்னி, கையையும் கழுத்தையும் மட்டும் வைத்துத் தைத்துவிட்டால், துணி எவ்வளவு திரும்பினாலும் கண்டுபிடிக்க முடியாது. பல மலிவான டி-ஷர்ட்டுகளுக்குப் பக்கத் தையல் இருக்காது. ரொம்பவே விலை உயர்ந்த சிலவற்றுக்கும் இருக்காது. நடுவில் இருக்கிற நாம்தான் தையலோடு மல்லுக்கட்டுகிறோம்.

இப்படி வளைந்து கொடுக்கிற துணி இல்லாவிட்டால் டி-ஷர்ட்டே இல்லை என்பது அளந்து பார்த்தபோதுதான் உறைத்தது. தையல் டேப்பை எடுத்து என் தலைச் சுற்றளவை அளந்தேன். 58 செ.மீ. டி-ஷர்ட்டின் கழுத்து வளையம் 47 செ.மீ. பதினொரு சென்டிமீட்டர் இடிக்கிறது. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு தலையை நுழைக்கும்போது, அந்தப் பதினொரு சென்டிமீட்டரை வட்டக் கழுத்தில் இருக்கும் ரிப் துணி (மேடும் பள்ளமுமாகக் கோடு கோடாகப் பின்னியது) விரிந்து கொடுக்கிறது, தலை வெளியே வந்ததும் சுருங்கிக்கொள்கிறது. பொத்தான், கொக்கி, நாடா, ஜிப் எதுவும் கிடையாது. திறப்பே இல்லாத உடை. இது பெரிய விஷயமா என்று கேட்டால், பெரிய விஷயம்தான். டி-ஷர்ட்டின் வரலாறே அந்தப் பொத்தானிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன்னால் இயந்திரம் வேண்டும். 1589ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். கை ஊசி இரண்டை வைத்துக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பின்னிய காலத்தில், ஒரு வரிசைக் கண்ணிகளை ஒரே மூச்சில் பின்னும் சட்டகம் அது. அதில் வருவது தட்டைத் துணி. குழாயாகப் பின்னும் வட்ட இயந்திரத்துக்கு 1816ல் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் மார்க் இசம்பார்ட் புருனெல். தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினாரே, அதே புருனெல். குழாய் என்றாலே அந்த மனிதருக்கு ஏதோ ஒரு மோகம் இருந்திருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் பின்னல் துணி என்றால் உள்ளாடை. வேறு எதற்கும் அது லாயக்கில்லை என்று நினைத்தார்கள். விறைப்பாக நிற்காது, மடிப்பு நிற்காது, உடம்பை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் 1868ல் காப்புரிமை பெற்ற 'யூனியன் சூட்' என்ற உள்ளாடை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வரிசை. குளிருக்குச் சரி, வெயிலில் உழைப்பவனுக்கு நரகம். அதை இடுப்போடு இரண்டாக்கியதில் மேல் பாதி தனியாக நின்றது. அப்போதும் பொத்தான் விடவில்லை.

1904ல் கூப்பர் என்ற உள்ளாடை நிறுவனம் (பிற்பாடு ஜாக்கி என்று பெயர் மாறியது) பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தது. இரண்டு படம். ஒன்றில் பொத்தான் அறுந்து, ஊக்கு குத்திய உள்சட்டையோடு ஒருவர் பரிதாபமாக நிற்கிறார். இன்னொன்றில் ஒருவர், தலைவழியாக மாட்டும் சட்டையில் மிடுக்காகச் சுருட்டு பிடிக்கிறார். ஊக்கு வேண்டாம், பொத்தான் வேண்டாம், ஊசி வேண்டாம், நூல் வேண்டாம் என்பது வாசகம். யாருக்கு விற்கிறார்கள்? பொத்தான் தைத்துக் கொடுக்க ஆளில்லாத, தானும் தைக்கத் தெரியாத பிரம்மச்சாரிகளுக்கு! உலகத்தின் பொது உடை, ஆண்களின் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த மருந்தாகத்தான் பிறந்திருக்கிறது. எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை.

பொத்தான் தைக்கத் தெரியாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தது கடற்படையில். 1913ல் அமெரிக்கக் கடற்படை குட்டைக் கையும் வட்டக் கழுத்தும் கொண்ட வெள்ளைப் பருத்தி உள்சட்டையைச் சீருடையில் சேர்த்தது. சீருடையின் கீழே போட வேண்டியது. ஆனால் கப்பலின் எஞ்சின் அறையில், தளத்தைத் தேய்த்துக் கழுவும்போது மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அதோடேயே வேலை செய்தார்கள். கை இரண்டையும் நீட்டித் தரையில் விரித்தால் ஆங்கில எழுத்து 'டி' போல இருப்பதால் டி-ஷர்ட் என்று பெயர். 1920 வாக்கில் அந்தச் சொல் அச்சில் ஏறிவிட்டது. அந்த ஆண்டு வந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவலில், விடுதிப் பள்ளிக்குப் போகும் நாயகனின் சாமான் பட்டியலில் ஒரு டி-ஷர்ட்டும் இருக்கிறது.

நமக்கு இதில் சொந்தமாக ஒரு துணைக்கதை உண்டு: பனியன் என்ற சொல். வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல் 'வாணியோ'. போர்த்துக்கீசியர் வாயில் அது 'பனியன்' ஆனது. அந்த வணிகர்கள் போட்ட தளர்வான மேலாடையைப் பார்த்து 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பணக்காரர்கள் வீட்டில் அணியும் அங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டார்கள். அதற்கும் பனியன் என்றே பெயர். அப்புறம் அந்தப் பெயர் மெல்ல உள்சட்டைக்கு நகர்ந்தது. ஆளின் பெயர் அங்கியின் பெயராகி, அங்கியின் பெயர் உள்ளாடையின் பெயராகி, கடைசியில் தமிழில் பின்னல் துணிக்கே 'பனியன் துணி' என்று பெயர் நின்றுவிட்டது. வணிகர் என்ற சொல்லும் பனியன் என்ற சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்த நாள் முழுக்க எனக்கு அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, பனியன்தான் டி-ஷர்ட். எப்போது பனியன் டி-ஷர்ட் ஆகிறது? மேலே ஒன்றும் போடாமல் வெளியே வரும்போது. வேறு வித்தியாசம் கிடையாது.

அந்தப் படியைத் தாண்ட இரண்டாம் உலகப் போர் வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள், பசிபிக் தீவுகளின் புழுக்கம், கையில் இருப்பது அந்த உள்சட்டை. 1942 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டைப்படத்தில் ஒரு இளைஞன் இயந்திரத் துப்பாக்கியோடு நிற்கிறான். மார்பில் லாஸ் வேகஸ் வான்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் சின்னம் அச்சிட்ட டி-ஷர்ட். உள்ளாடையோடு ஒருவன் அட்டைப்படத்தில், அதுவும் வீரனாக. போர் முடிந்து திரும்பியவர்கள் அதைக் கழற்றவில்லை. தோட்ட வேலைக்கும் கார் கழுவவும் அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். போரில் இருந்துவிட்டு வந்தவனிடம் போய், மேலே சட்டை போடு என்று யார் சொல்வது?

அடுத்து எல்லோரும் சொல்லும் பெயர் மார்லன் பிராண்டோ. 'அ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' 1947ல் நாடகமாக வந்தது, 1951ல் படமாக. ஏதோ ஒரு சாதாரண டி-ஷர்ட்டைப் போட்டு நடித்தார், உலகம் மயங்கியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நடந்தது வேறு. அன்றைய டி-ஷர்ட்டுகள் தொளதொளவென்று, இடுப்புக்குள் சொருகிக்கொள்ள வசதியாகத் தைத்தவை. ஆடை வடிவமைப்பாளர் லூசிண்டா பாலர்ட் நியூயார்க் தெருவில் பள்ளம் தோண்டும் தொழிலாளிகளைப் பார்த்திருக்கிறார். அழுக்கும் வியர்வையுமாகத் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. அதே தோற்றம் வர, சட்டைகளைத் துவைத்துச் சுருக்கி, தோளிலும் மார்பிலும் பிடித்துத் தைக்க வைத்தார். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற 'அலட்சியமான' உடை, ஒரு பெண் கணக்குப் போட்டு அளவெடுத்துத் தைத்தது. இன்றைக்கும் ஒருவர் டி-ஷர்ட்டில் சும்மா அள்ளுகிறார் என்றால் நான் உடனே தோள் தையலைத்தான் பார்ப்பேன். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955ல் 'ரெபல் வித்தவுட் எ காஸ்' படத்தில் சிவப்பு ஜாக்கெட்டுக்குள் வெள்ளை டி-ஷர்ட்டோடு வந்தார். படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. வெள்ளை டி-ஷர்ட் வீட்டுக்கு அடங்காத பிள்ளைகளின் சீருடையாயிற்று.

பெண்கள் பக்கம் கதை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல், ஆண்களின் உள்ளாடைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெர்சி என்ற பின்னல் துணியை எடுத்துப் பெண்களின் வெளியுடையாகத் தைத்தார். இறுக்கிக் கட்டும் உடைகளுக்கு நடுவே, கையைத் தூக்கினால் கூடவே வருகிற துணி. 1960ல் பிரெஞ்சு இயக்குநர் ழான்-லுக் கொதாரின் முதல் படத்தில் ஜீன் சீபெர்க் 'நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன்' என்று மார்பில் எழுதிய டி-ஷர்ட்டில் பாரிஸ் வீதியில் பத்திரிகை விற்றுக்கொண்டு நடப்பார். அந்தப் பத்திரிகை அதே பெயரில் இப்போது இல்லை. டி-ஷர்ட் இருக்கிறது.

எழுத்து என்று வந்தாயிற்று. டி-ஷர்ட்டில் மற்ற உடைகளுக்கு இல்லாத ஒரு வசதி: முன்பக்கம் முழுக்கக் காலி. சட்டையில் நட்டநடுவே பொத்தான் பட்டி ஓடுகிறது, பை இருக்கிறது. டி-ஷர்ட்டில் ஒன்றும் இல்லை, சுவர் மாதிரி. சுவர் கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் டியூயிக்கு வாக்குக் கேட்கும் டி-ஷர்ட் இருந்தது. அவர் தோற்றுப்போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கிரீன் பிரின்டிங் எப்படி என்று ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டகத்தில் இழுத்துக் கட்டிய வலை. வேண்டாத இடமெல்லாம் அடைபட்டிருக்கும், வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். டி-ஷர்ட்டைப் பலகையில் மாட்டி, வலையை இறக்கி, கெட்டியான மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. தூக்கினால் படம் பதிந்திருக்கும். அப்புறம் சூட்டுக்குள் அனுப்பி மையை இறுக வைக்க வேண்டும். சூடு போதாவிட்டால் சில சலவைகளிலேயே படம் உடைந்து விரிசல் விடும். முக்கியமான விஷயம் என்னவென்றால், ஒரு நிறத்துக்கு ஒரு வலை. நான்கு நிறம் என்றால் நான்கு வலை, நான்கு முறை, நான்கும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். ஆகவே ஒரே நிறத்தில் நிற்கக்கூடிய படத்துக்குத்தான் டி-ஷர்ட்டில் ஆயுள் கெட்டி.

சே குவேராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பெர்டோ கோர்டா 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் எடுத்த புகைப்படம் அது. சாம்பல் நிறத்தில் ஆயிரம் நுணுக்கம் உண்டு. அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் 1968ல் அதிலிருந்து நிழலையும் வெளிச்சத்தையும் மட்டும் பிரித்து, பட்டையான கறுப்பாக வரைந்தார். அதற்குப் பிறகுதான் அது டி-ஷர்ட்டில் ஏறியது, ஏறியது, இறங்கவே இல்லை. முதலாளித்துவத்தை எதிர்த்துச் செத்த மனிதர் உலகத்தில் அதிகம் விற்ற முகங்களில் ஒன்றாகிவிட்டார் என்ற நகைச்சுவையை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். கோர்டா அந்தப் படத்துக்காகப் பணம் கேட்டு அலையவில்லை. ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் பயன்படுத்தியபோது மட்டும் 2000ல் வழக்குப் போட்டார். கிடைத்த தொகையைக் கியூபாவின் மருத்துவத் துறைக்குக் கொடுத்துவிட்டார்.

வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 1976ல் நியூயார்க் டாக்சியில் போகும்போது ஒரு தாளில் கிறுக்கியது, 'ஐ லவ் நியூயார்க்' என்பதில் 'லவ்' என்ற சொல்லுக்குப் பதில் ஒரு சிவப்பு இதயம். கறுப்பு எழுத்து, சிவப்பு இதயம், இரண்டே வலை. காசு வாங்காமல் செய்து கொடுத்தார். உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பெயரை அதே அச்சில் வார்த்து விற்கிறார்கள்.

1984ல் லண்டனில் பிரதமர் இல்லத்தில் ஆடை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வரவேற்பு. காதரின் ஹாம்னெட் கோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனார். மார்கரெட் தாட்சரோடு கைகுலுக்கும் நேரத்தில் கோட்டைத் திறந்தார். உள்ளே முழங்காலைத் தொடுகிற டி-ஷர்ட்டில், 58 சதவீதம் பேருக்கு (அமெரிக்காவின் அணு ஏவுகணையான) பெர்ஷிங் வேண்டாம் என்று கட்டை கட்டையாக எழுத்து. புகைப்படத்தில் தாட்சர் அந்த எழுத்தைக் குனிந்து படிக்கிறார். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் குனிதல்தான். பேச்சென்றால் இடைமறிக்கலாம், துண்டறிக்கை என்றால் வாங்காமல் போகலாம். டி-ஷர்ட்டில் எழுதியதைப் படிக்காமல் இருக்க முடியாது. கண் தானாகப் படித்துவிடும்.

சரி, படிக்க முடியாத டி-ஷர்ட் ஒன்று என்னிடம் இருந்தது. கறுப்புத் துணியில் வெள்ளையாக, அலை அலையாகக் கோடுகள். நடுவில் மட்டும் சிகரம் சிகரமாக எழும்பியிருக்கும். கல்லூரி முடித்த புதிதில் வாங்கியது. மலைத்தொடர் என்றே பதினைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால், "ஏதோ மலைங்க" என்பேன். ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அப்பா, இது எந்த மலை?" எந்த மலை என்று தேடப்போய்த்தான் அது மலையே இல்லை என்று தெரிந்தது.

அது ஒரு நட்சத்திரம். 1967ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் ஒரு விசித்திரமான துடிப்பைக் கண்டுபிடித்தார். 1.34 விநாடிக்கு ஒரு முறை, பிசகாமல். முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பல்சார் (சுழன்றுகொண்டே துடிப்பு துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திரம்) அது. வேறு கிரகத்து ஆட்கள் அனுப்பும் சமிக்ஞையோ என்றுகூட அரைகுறையாகச் சந்தேகித்தார்கள். ஹெரால்ட் கிராஃப்ட் என்ற வானியலாளர் 1970ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக அந்த நட்சத்திரத்தின் அடுத்தடுத்த 80 துடிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் கணினியில் வரைந்தார். அந்தப் படம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வந்தது. அதைப் பார்த்த ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு தங்கள் முதல் ஆல்பத்துக்கு அதைக் கொடுக்க, வடிவமைப்பாளர் பீட்டர் சவில் வெள்ளையில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பி 1979ல் அட்டையாக்கினார். அட்டையிலிருந்து டி-ஷர்ட்டுக்கு வந்தது. ஒரே நிறம், ஒரே வலை. நான் அந்தப் பாட்டையும் கேட்டதில்லை, நட்சத்திரத்தையும் அறிந்ததில்லை. பதினைந்து வருடம் சுமந்திருக்கிறேன்.

கேட்காத இசைக்குழுவின் டி-ஷர்ட்டைப் போடுவது போலித்தனம் என்று சிலர் கொதிப்பார்கள். "மூணு பாட்டுப் பேர் சொல்லு பார்ப்போம்" என்று மடக்குவார்கள். எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. அழகாக இருந்தது, வாங்கினேன். அர்த்தம் மெதுவாக வந்து சேர்ந்தது.

அர்த்தமே மாறிப்போகும் டி-ஷர்ட்டுகளும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதியாட்டம் முடிந்த நிமிடமே வென்ற அணி 'சாம்பியன்' என்று அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்கும். எப்படி? இரண்டு அணிக்கும் முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவார்கள். தோற்ற அணியின் வெற்றிச் சட்டைகள் அந்த நாட்டில் விற்பனைக்கு வராது. தொண்டு அமைப்புகள் வழியாக வேறு நாடுகளுக்குப் போய்விடும். நடக்காத ஒரு வெற்றியை, அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்வியே பட்டிராத ஒருவர் எங்கோ ஒரு வயலில் போட்டுக்கொண்டு களை பறித்துக்கொண்டிருப்பார். கானாவில் வந்து குவியும் பழைய துணிகளுக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி என்று பொருள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருக்கும் மனிதர் தூக்கிப்போடுவாரா என்ற நியாயமான சந்தேகத்தில் பிறந்த பெயர். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைச்சலிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் என்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீட்டை அந்தச் சந்தேகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கானாக்காரர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் டி-ஷர்ட் போடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் தினமும் அதே சாம்பல் நிற டி-ஷர்ட்டில் வந்த காலத்தில், தேவையில்லாத முடிவுகளைக் குறைக்கவே அப்படிச் செய்வதாக 2014ல் விளக்கம் சொன்னார். எளிமையாம். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் பையன் அதே டி-ஷர்ட்டில் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டி-ஷர்ட் எல்லோரையும் சமமாக்குகிறது என்று சொல்வதெல்லாம், அதை எங்கே போடலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பார்க்காதவரைதான். உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி 2022 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தோடு காணொளியில் பேசியபோது பாசிப் பச்சை டி-ஷர்ட்டில் இருந்தார். கோட்டு இல்லையா என்று அப்போதும் கேட்டவர்கள் இருந்தார்கள். போர்க்களம் வழியாக வெளியே வந்த உடை, திரும்பப் போருக்கே போயிருந்தது.

சரி, எதனால் அது உடம்பில் நன்றாக இருக்கிறது? என் கணக்கு எளிது. தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு விரல் இறங்கினால் சோம்பல், இரண்டு விரல் இறங்கினால் அண்ணன் சட்டை. வேண்டுமென்றே நாலு விரல் இறக்கினால் அது வேறு பாணி, அதுவும் சரிதான். கை மடிப்பு புஜத்தின் பாதியில் முடிய வேண்டும். அடுத்துக் கழுத்து. கழுத்து ரிப்பை, அது உட்கார வேண்டிய வட்டத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். அப்போதுதான் அது உள்பக்கம் படிந்து கழுத்தோடு நிற்கும். சோம்பல்பட்டு சம அளவில் வைத்தாலோ, ரிப் துணியில் திரும்பச் சுருங்கும் சக்தி இல்லாவிட்டாலோ, பத்துச் சலவையில் அலை அலையாக நெளியும். அப்புறம் எடை. சதுர மீட்டருக்கு 180 கிராம் அளவில் இருந்தால் எனக்குத் திருப்தி. 140க்குக் கீழே போனால் வெள்ளைத் துணி உள்ளதை உள்ளபடி காட்டும்.

இவ்வளவும் புதுசுக்கு. டி-ஷர்ட்டை நான் விரும்புவது அதற்குப் பின்னால் நடப்பதற்காக. கோட்டு புதிதாக இருக்கும்போது அழகு, பழசானால் பரிதாபம். நல்ல டி-ஷர்ட்டுக்கு முதல் மாதம் ஒரு விறைப்பு இருக்கும், ஆளைத் தெரியாதது போல. ஒவ்வொரு சலவையிலும் நூலிலிருந்து குட்டை இழைகள் உதிரும். வாஷிங் மெஷின் வடிகட்டியில் சேர்கிறதே பஞ்சு, அது உங்கள் டி-ஷர்ட்தான். உதிர உதிரத் துணி மெலிந்து குழையும். பருத்தி கொஞ்சம் சுருங்கி, தோள் சாயும் பக்கம், பை மாட்டும் தோள் எல்லாம் தனித்தனியாகத் தேயும். ஐந்து வருடம் ஆன டி-ஷர்ட்டை வேறு ஒருவர் போட்டால் இரவல் போல இருக்கும். புதிதாகவே பழசாக்கி, கல்லோடு போட்டுத் துவைத்து, என்சைம் தண்ணீரில் முக்கி விற்கிறார்கள். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கிறது. தேய்மானம் மட்டும் யாருடையதோ.

வயிற்றுக்குத் தையல் வந்த அந்த வெள்ளை டி-ஷர்ட்டைத் துடைக்கிற துணியாக்கிவிடலாம் என்று அக்கா சொன்னாள். "இன்னும் எத்தனை நாள் இதைப் போட்டுக்கிட்டு கோணலா திரியப் போற?" வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, பக்கத் தையலை மட்டும் பிரித்துப் பார்த்தேன். வெட்டிய ஓரம் உடனே சுருண்டது. உள்ளே கண்ணி வரிசைகள் எல்லாம் ஒரே சாய்வில், மழைச்சாரல் போல இறங்கிக்கொண்டிருந்தன. துணி தன் போக்கில் ஒழுங்காகத்தான் இருந்தது. அதைத் திரும்பத் தைத்துவிட்டேன். இப்போது வீட்டில் மட்டும் போடுகிறேன்.

அந்தக் கறுப்பு டி-ஷர்ட் இப்போது என்னிடம் இல்லை. மகள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது முட்டி வரை வருகிறது, இரவில் போட்டுத் தூங்குகிறாள். கழுத்து ரிப் தொய்ந்து ஒரு தோள் எப்போதும் வெளியே தெரியும். அது மலை இல்லை, நட்சத்திரம் என்று சொன்ன நாளில், 80 கோடு இருக்கிறதா என்று விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். மேலே தெளிவாக இருந்தது. நடுவில், சிகரங்கள் எழும்பும் இடத்தில், மை உடைந்து இரண்டு மூன்று துடிப்புகள் ஒன்றாகக் கலந்திருந்தன. மூன்று முறை எண்ணினாள். ஒரு முறை 74 வந்தது, ஒரு முறை 77. மூன்றாவது முறை எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.